வசதியான துறைமுகம்: மால்டாத் தீவிலிருந்து புறப்பட்ட பயணங்கள்

கடற்பயணத்தை இன்பப் பொழுதுபோக்காகக் கருதும் வழக்கம் மனித வரலாற்றில் மிகவும் பிற்காலத்தது. பண்டைக் காலத்தில் கடலேறியவன் வாணிகத்திற்காகவோ, போருக்காகவோ, அரசாணைக்குக் கட்டுப்பட்டோ ஏறினான். கரை திரும்புவோம் என்னும் உறுதி அவனுக்கு இல்லை. இன்றோ, ஒரு வாரம் மத்தியதரைக் கடலில் உலாவி வருவதற்கென்றே ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் கப்பல் ஏறுகின்றனர். பவுலடியாரின் அடிச்சுவடுகளைத் தேடிச் செல்லும் திருச்சபைக் குழுக்களும் அவர்களுள் உண்டு. இத்தகைய பயணத்தை எத்துறையிலிருந்து தொடங்குவது வசதி என்று கேட்போருக்குச் சொல்லப்படும் விடைகளுள் ஒன்று, மால்டாத் தீவின் தலைநகராகிய வலெட்டா என்பதாகும்.

அப்போஸ்தலர் நடபடிகளில் லூக்கா மெலித்தா என்று குறிப்பிடும் தீவு இதுவே. திருமறை மாணவர் பலர் மெலித்தாவைக் கப்பற்சேதத்தின் தீவாகவே அறிவர். ஆயினும், அது பயணங்கள் முடிந்த இடமாக இருந்ததைக் காட்டிலும், பயணங்கள் தொடங்கிய இடமாகவே வரலாற்றில் மிகுதியாக விளங்கியிருக்கிறது. பவுலடியாரும் அங்கே கரைசேர்ந்ததோடு அமையாமல், அங்கிருந்து புறப்பட்டும் சென்றார். அத்துறையிலிருந்து வெவ்வேறு காலங்களில் புறப்பட்ட சில பயணங்களை வரிசையாக நோக்கி, அத்துறை யாருக்கு வசதியாயிருந்தது, எதற்கு வசதியாயிருந்தது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. துறையின் இயல்பு

மால்டா நாடு மிகச் சிறியது. மால்டா, கோசோ, கொமினோ ஆகிய தீவுகளைச் சேர்த்தாலும் அதன் பரப்பு 316 சதுர கிலோமீட்டர் மட்டுமே. சிசிலித் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் அது கிடக்கிறது. மேற்கே ஜிப்ரால்ட்டர் நீரிணைக்கும் கிழக்கே அலெக்சந்திரியாவுக்கும் ஏறத்தாழ நடுவே அமைந்திருப்பதால், அக்கடலின் இரு பகுதிகளுக்கும் செல்லும் கப்பல்கள் அதன் அருகே கடந்தாக வேண்டும். பெரிய ஆறோ, காடோ, கனிவளமோ அத்தீவில் இல்லை. அதற்கு வாய்த்த செல்வம் ஒன்றே. சுண்ணாம்புப் பாறைகளிடையே கடல் உட்புகுந்து உண்டாக்கிய ஆழமான இயற்கைத் துறைமுகமே அது. நாக்குப்போல் நீண்ட ஒரு பாறைமுனையின் ஒருபுறம் பெரிய துறைமுகமும், மறுபுறம் மார்சம்செட் துறைமுகமும் அமைந்துள்ளன. அம்முனையின்மேல் 1566ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டு எழுந்த நகரமே வலெட்டா.

இக்காலப் பயணிக்கு இவ்வமைப்பால் விளையும் நன்மைகள் வெளிப்படையானவை. தீவு சிறியதாகையால், விமானத்தில் வந்து இறங்குபவர் அரைமணி நேரத்திற்குள் கப்பல்துறையை அடைந்துவிடலாம். ஆழம் மிகுந்த துறையாகையால் பெரிய கப்பல்களும் நகரத்தின் மதிலடிக்கே வந்து நிற்கின்றன. கப்பலுக்கு ஒருநாள் முன்னதாக வருபவர், ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த அந்நகரை நடந்தே சுற்றிப் பார்த்துவிடலாம். கப்பல்துறையின் ஓரமாக 1752ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பண்டகசாலைகள் இன்று உணவகங்களாகவும் கடைகளாகவும் மாறியுள்ளன. 2019ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் உல்லாசப் பயணிகள் இத்துறையைக் கண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒருநாள் இறங்கிப் பார்த்துச் சென்றவர்களே. எனினும், பயணத்தை இங்கேயே தொடங்கி இங்கேயே முடிப்போரும் உண்டு.

துறைமுகத்தின் வசதியைப் பற்றிய ஒரு சொல் திருமறையிலும் வருகிறது. கிரேத்தாத் தீவில் நல்ல துறைமுகம் என்னும் பெயருடைய இடத்தைப் பவுல் ஏறிய கப்பல் அடைந்தபோது, மழைகாலத்தைக் கழிக்க அத்துறை ஏற்றதாயில்லை என்று பெரும்பாலோர் எண்ணியதாக லூக்கா எழுதுகிறார் (அப். 27:12). அங்கே அவர் ஆளும் கிரேக்கச் சொல் 'அனெவ்தெத்தொஸ்' என்பதாகும். புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வராத சொல் அது. அதன் உடன்பாட்டு வடிவமாகிய 'எவ்தெத்தொஸ்' என்பதை அவரே தம் நற்செய்தி நூலில் இருமுறை கையாளுகிறார். கலப்பையில் கைவைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவன் இறையரசுக்குத் தகுதியுள்ளவனல்லன் என்னுமிடத்தில் ஒருமுறை (லூக். 9:62), சாரமற்றுப்போன உப்பு நிலத்திற்கும் எருவுக்கும் உதவாது என்னுமிடத்தில் மற்றொருமுறை (லூக். 14:35). ஆகவே லூக்காவின் சொல்லாட்சியில் வசதியும் தகுதியும் ஒரே வேரின் கிளைகளாகும். ஒரு துறை ஏற்றதா என்று கேட்பவர், எதற்கு ஏற்றது என்றும் உடன் கேட்டாக வேண்டும்.

2. பவுலடியாரின் புறப்பாடு

ஏற்ற துறையைத் தேடிப் புறப்பட்ட அக்கப்பல் அத்துறையை அடையவேயில்லை. அவர்கள் நாடியது கிரேத்தாவின் தென்கரையிலேயே உள்ள பேனிக்ஸ் துறை. ஒருநாள் ஓட்டத்தில் எட்டக்கூடிய தொலைவுதான். ஆனால் யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்று அவர்களைக் கடலின் நடுவே தள்ளிற்று. பதினான்காம் இரவில் கரை நெருங்குவதை மாலுமிகள் உணர்ந்தனர். கப்பலில் இருந்தோர் 276 பேர்.

இக்கதையின் கடலியல் நுட்பத்தை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஸ்காத்லாந்து நாட்டவரான ஜேம்ஸ் ஸ்மித். கப்பலோட்டுவதில் பழக்கமுள்ள அவர், 1844-45ஆம் ஆண்டுகளின் குளிர்காலத்தை மால்டாவில் கழித்து ஆராய்ந்து, 1848இல் தம் நூலை வெளியிட்டார். கிளவுதாத் தீவிலிருந்து மால்டா வரையுள்ள ஏறத்தாழ 480 கடல்மைல் தொலைவை, அத்தகைய காற்றில் ஓர் அலெக்சந்திரியக் கப்பல் பதின்மூன்று நாட்களுக்குச் சற்று மிகுதியான காலத்தில் மிதந்து கடக்கும் என்று அவர் கணக்கிட்டார். லூக்காவின் பதினான்காம் இரவோடு இக்கணக்கு பொருந்தியது கவனிக்கத்தக்கது. அத்ரியக் கடலிலுள்ள ம்லியெத் தீவே மெலித்தா என்று வாதிட்டோரும் உண்டு. ஆயினும், காற்றின் திசையும் பின்னர் நிகழ்ந்த பயணத்தின் வழியும் மால்டாவையே சுட்டுகின்றன என்பது பெரும்பாலான அறிஞரின் முடிவாகும்.

கரைசேர்ந்தவர்களை வரவேற்றோரை லூக்கா 'பர்பரொய்' என்று அழைக்கிறார். கிரேக்கம் பேசாதோர் என்பதற்கு மேல் அச்சொல்லில் இழிவு கற்பிக்க வேண்டியதில்லை. பியூனிக்க மொழி பேசிய எளிய மக்கள் அவர்கள். மழையிலும் குளிரிலும் நனைந்து வந்தவர்களுக்கு அவர்கள் தீ மூட்டினர். அவர்கள் காட்டிய அன்பைக் குறிக்க லூக்கா ஆளும் சொல் 'பிலாந்த்ரொப்பியா', அதாவது மனிதநேயம் என்பது. இப்பெயர்ச்சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. நம் மீட்பராகிய கடவுள் மனிதர்மேல் கொண்ட அன்பைக் குறிக்கும் தீத்து 3:4இல் அதைக் காண்கிறோம். கடவுளின் அன்புக்குரிய சொல்லே பெயரறியாத தீவு மக்களின் செயலுக்கும் உரியதாயிற்று.

வந்தவர்கள் எத்தகையோர் என்பதையும் மறத்தலாகாது. அவர்களுள் கைதிகள் இருந்தனர். தப்பியோடிவிடுவர் என்றஞ்சிப் போர்ச்சேவகர் அக்கைதிகளைக் கொன்றுவிட எண்ணினர். நூற்றுக்கு அதிபதியாகிய யூலியு தடுத்ததாலேயே அவர்கள் உயிர்பிழைத்தனர். யார் கைதி, யார் குடியுரிமை பெற்றவன் என்று ஆராய்ந்து தீவு மக்கள் தீயருகே இடங்கொடுத்ததாக லூக்கா எழுதவில்லை. தீவின் முதல்வனாகிய புபிலியுவின் வீட்டில் மூன்று நாள் விருந்தும், அவன் தந்தை நலம்பெற்றதும் அதன்பின் நிகழ்ந்தவை. முதல்வன் என்னும் அப்பட்டம் அத்தீவில் உண்மையாகவே வழங்கியது என்பதற்கு அங்குக் கிடைத்த ஒரு கிரேக்கக் கல்வெட்டு சான்றாக உள்ளது.

மூன்று மாதங்களுக்குப்பின் புறப்பாடு. அக்காலத்தில் நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் அடைபட்ட காலம் என்று உரோமப் போர்க்கலை நூலாசிரியர் வெகேத்தியுஸ் எழுதுகிறார். பிப்ரவரி எட்டாம் நாளளவில் கடல் திறக்கிறது என்பது பிளினியின் கணக்கு. லூக்கா கூறும் மூன்று மாதம் பின்னதோடு இயைகிறது. மழைகாலத்தை அத்தீவிலே கழித்திருந்த மற்றோர் அலெக்சந்திரியக் கப்பல், மிதுனம் என்னும் அடையாளமுடையது, அவர்களை ஏற்றிக்கொண்டது. எகிப்தின் தானியத்தை உரோமைக்குக் கொண்டுசெல்லும் கப்பல்களுள் ஒன்றாக அது இருந்திருக்கும். சீரகூசாவில் மூன்று நாள், பின்பு ரேகியு, தென்றல் எழவே மறுநாள் புத்தேயோலி. இன்று வலெட்டாவில் தொடங்கிச் சிசிலி, நாப்போலி வழியாக வடக்கே செல்லும் உல்லாசக் கப்பல்களும் ஏறத்தாழ இவ்வழியையே பின்பற்றுகின்றன. புத்தேயோலி நாப்போலிக்கு அருகிலுள்ள இன்றைய பொத்சுவோலியே.

இப்புறப்பாட்டைப் பற்றி லூக்கா தரும் ஒரு குறிப்பு பெரும்பாலும் நம் பார்வைக்குத் தப்பிவிடுகிறது. புறப்படும் வேளையில் தேவையானவற்றையெல்லாம் தீவு மக்களே கப்பலில் ஏற்றி அனுப்பினர் என்கிறார் (அப். 28:10). அழையாமல் வந்தவர்களை மூன்று மாதம் பேணிய சிறுதீவு, வழியனுப்பும்போதும் கட்டுச்சோறு கொடுத்தனுப்பியது. மெலித்தா துறையாகத் தகுதி பெற்றது அதன் ஆழத்தால் மட்டுமன்று என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

3. சங்கிலியிட்ட துடுப்புகள்

பதினாறாம் நூற்றாண்டில் அத்துறையிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் வேறு வகையினவாயின. ரோதுத் தீவை உதுமானியத் துருக்கியரிடம் இழந்த புனித யோவானின் வீரத்துறவியருக்கு, பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1530இல் மால்டாவை அளித்தார். 1565ஆம் ஆண்டின் பெரும் முற்றுகையைத் தாங்கி நின்ற தலைவர் ழான் த வலெத்தின் பெயரையே புதிய தலைநகர் பெற்றது.

இத்துறவியரின் அமைப்பு பிணியாளரைப் பேணுவதற்காகத் தோன்றியது. வலெட்டாவில் அவர்கள் 1574இல் கட்டத் தொடங்கிய மருத்துவமனை ஐரோப்பாவில் பெயர்பெற்றது. அங்கே பிணியாளருக்கு வெள்ளிப் பாத்திரங்களில் உணவு படைக்கப்பட்டது. உயர்குடியிற் பிறந்த வீரர் தாமே முறைவைத்துப் பணிவிடை செய்தனர். கிறிஸ்தவ மருத்துவப் பணியின் வரலாற்றில் இதற்குச் சிறப்பிடம் உண்டு.

ஆனால் அம்மருத்துவமனையின் சாளரங்களுக்குக் கீழே விரிந்த துறைமுகத்தில் நின்றவை துடுப்புப் போர்க்கலங்கள். உயர்பதவி பெற விரும்பிய வீரத்துறவி ஒவ்வொருவரும் அக்கலங்களில் நான்கு கடற்பணிகளை முடித்திருக்க வேண்டும் என்பது விதி. அக்கலங்களின் துடுப்புகளை வலித்தோர் அடிமைகளும், தண்டனை பெற்ற குற்றவாளிகளும், கடனைத் தீர்க்க வழியின்றித் தம்மையே விற்றுக்கொண்ட ஏழைகளும் ஆவர். அடிமைகளுள் பெரும்பாலோர் கடற்கொள்ளையிலும் போரிலும் பிடிபட்ட முகமதியர். பலகையோடு சங்கிலியால் பிணிக்கப்பட்டு அவர்கள் துடுப்பு வலித்தனர். பிடிபட்டோர் வலெட்டாவில் விற்கவும் பட்டனர்.

எதிர்க்கரையினரும் இதையே செய்தனர் என்பதையும் நடுநிலையோடு கூறவேண்டும். 1551இல் துருக்கியர் கோசோத் தீவைத் தாக்கி, ஏறத்தாழ ஐயாயிரம் மக்களை அடிமைகளாகக் கொண்டுசென்றனர், தீவே வெறுமையாயிற்று. கடலின் இருகரையிலும் ஒரே தீமை வேரூன்றியிருந்தது. எனினும், நாம் கேட்கவேண்டிய கேள்வி நம்மவரைப் பற்றியது. நோயுற்றவனில் கிறிஸ்துவைக் கண்டு வெள்ளித்தட்டில் உணவளித்த அதே கைகள், துடுப்பு வலிப்பவனில் அவரைக் காணத் தவறியது எவ்வாறு? மருத்துவமனைக்குள் எந்த மனிதநேயம் ஆண்டதோ, அது துறைமுகத்தின் படிக்கட்டில் நின்றுவிட்டது. 1749இல் அடிமைகள் எழுச்சிக்குச் சதி செய்தபோது, கண்டறியப்பட்டுக் கடுந்தண்டனைக்குள்ளாயினர். அவர்களுக்கு விடுதலை திருச்சபையின் மனமாற்றத்தால் வரவில்லை. 1798 ஜூன் மாதத்தில் எகிப்துக்குப் போகும் வழியில் தீவைக் கைப்பற்றிய நெப்போலியனின் ஆணையால் வந்தது. இது நம் வரலாற்றில் வெட்கத்தோடு படிக்கவேண்டிய பக்கமாகும்.

4. அச்சகமும் நீராவிக் கப்பலும்

1800இல் மால்டா பிரித்தானியர் கைக்கு வந்தது. 1814ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை அதை உறுதிசெய்தது. ஆங்கிலக் கப்பற்படைக்குக் கிடைத்த இந்த வசதி சீர்திருத்தத் திருச்சபைகளின் நற்செய்திப் பணிக்கும் ஒரு வாயிலாயிற்று. 1815இல் சர்ச் மிஷனெரி சங்கத்தின் சார்பில் வில்லியம் ஜோவெட் மால்டாவுக்கு வந்தார். அங்கிருந்து கிரேக்க நாடு, எகிப்து, சிரியா முதலிய இடங்களுக்குப் பயணம் செய்து, கீழைத் திருச்சபைகளின் நிலையை நேரில் ஆராய்ந்து, 1822இல் நூலாக வெளியிட்டார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பிளினி பிஸ்கும் லேவி பார்சன்சும் 1819இல் அத்துறையைத் தொட்டுக் கிழக்கே சென்றனர். அம்மிஷனின் அச்சகம் 1822இல் மால்டாவில் நிறுவப்பட்டது. சர்ச் மிஷனெரி சங்கமும் பின்னர் தனக்கென ஓர் அச்சகம் அமைத்தது.

அச்சகத்தை அங்கே வைத்ததற்குக் காரணம் அரசியல் பாதுகாப்பும் கப்பல் வசதியுமே. உதுமானிய ஆட்சிக்கு வெளியே பிரித்தானியக் கொடியின் கீழ் அச்சிட்டு, கிழக்கே செல்லும் கப்பல்களில் அனுப்பலாம். தீவினுள்ளோ 1839 வரை அச்சுத் தணிக்கை நடைமுறையில் இருந்தது. அங்கிருந்த மக்கள் உறுதியான உரோமன் கத்தோலிக்கர். ஆதலின் அவ்வச்சகங்களின் நூல்கள் பெரும்பாலும் வெளியே செல்வதற்கென்றே உருவாயின. கிரேக்கம், அரபு, துருக்கி, அர்மீனியம் ஆகிய மொழிகளின் வாசகரை அவை நாடின. லெபனோனைச் சேர்ந்த அரபு எழுத்தாளர் பாரிஸ் அல்-ஷித்யாக் அங்கே பல ஆண்டுகள் பணியாற்றினார். 1834இல் அமெரிக்க மிஷனின் அரபு அச்சகம் பெய்ரூத்துக்கு மாற்றப்பட்டது. பெய்ரூத்தில் 1865இல் நிறைவுற்ற அரபுத் திருமறை மொழிபெயர்ப்பை இன்றும் எண்ணற்றோர் படிக்கின்றனர். அப்பணியின் விதை ஒருவகையில் மால்டாவின் கப்பல்துறையில் ஊன்றப்பட்டது எனலாம்.

ஆயினும் துறைமுகம் எல்லாருக்கும் எளிதில் திறந்துவிடவில்லை. கொள்ளைநோய்க்கு அஞ்சி, கிழக்கிலிருந்து வரும் பயணிகளை மார்சம்செட் துறையிலுள்ள தனிமைக் காப்பகத்தில் பல நாட்கள் அடைத்து வைப்பது வழக்கம். 1832ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு நாளில் ஜான் ஹென்றி நியூமன் இத்துறையில் கப்பலிலேயே இருக்க வேண்டியதாயிற்று. கரையிலிருந்து கேட்ட ஆலய மணியோசையில் அவரால் பங்குபெற இயலவில்லை. அடுத்த மாதம் திரும்பி வந்தபோது தனிமைக் காப்பகத்தில் தங்கினார். அப்பயணத்தின் இறுதியில், 1833 ஜூன் மாதத்தில், நடுக்கடலில் அவர் இயற்றிய ஒளியை வேண்டும் பாடலை நாம் அறிவோம்.

இன்றைய உல்லாசக் கப்பல் பயணத்தின் தொடக்கத்தை வரலாற்றாசிரியர் பலர் 1844ஆம் ஆண்டில் வைக்கின்றனர். அவ்வாண்டில் பி. அண்டு ஓ. கப்பல் நிறுவனம், பயணத்தையே இன்பமாக விற்கும் எண்ணத்தோடு, நாவலாசிரியர் தாக்கரேக்கு இலவச இடமளித்து மத்தியதரைக் கடலைச் சுற்றிவரச் செய்தது. ஜிப்ரால்ட்டர், மால்டா, ஏதென்ஸ், கான்ஸ்தாந்தினோப்பிள், யாப்பா, கெய்ரோ ஆகியவை அவர் கண்ட இடங்கள். அவரும் திரும்பும் வழியில் மால்டாவின் தனிமைக் காப்புக்குத் தப்பவில்லை. அதே நிறுவனத்தின் நீராவிக் கப்பல்கள் மால்டா வழியாக அலெக்சந்திரியாவுக்குச் சென்றன. பயணிகள் தரைவழியாகச் சூயெசை அடைந்து, 1842 முதல் காலித்துறை, சென்னை, கல்கத்தா நோக்கிச் செல்லும் கப்பலில் ஏறலாயினர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பல மாதங்கள் செலவிட்ட பழைய பயணம் சில வாரங்களாகக் குறைந்தது. 1869இல் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டபின், தென்னிந்தியாவுக்கு வந்த மிஷனெரிகளும் அவர்கள் எழுதிய கடிதங்களும் அக்கடல்வழியிலேயே வந்தன. நம் திருச்சபைகளின் பழைய வரலாறும் இத்துறையின் அருகே கடந்து வந்ததுதான்.

5. உல்லாசப் படகுகளின் இன்னொரு பயன்

மால்டா 1964இல் விடுதலை பெற்றது. 1979 மார்ச் 31இல் பிரித்தானியப் படை முற்றிலும் வெளியேறியது. போர்க்கப்பல் போனபின் துறைக்குப் புதிய தொழில் வேண்டியதாயிற்று. அத்தேவையை உல்லாசக் கப்பல்கள் பெரிதும் நிறைவுசெய்தன. இதில் குறைகாண ஒன்றுமில்லை. ஏழைத் தீவுக்கு அது வருவாய். உழைத்துக் களைத்தவர்க்கு அது ஓய்வு.

ஆனால் அதே கடலில் வேறொரு பயணமும் நடக்கிறது. லிபியாவின் கரையிலிருந்து, போருக்கும் வறுமைக்கும் தப்பி, ஓட்டைப் படகுகளில் ஐரோப்பாவை நோக்கி வருவோரின் பயணம் அது. அவர்கள் வழியிலும் மால்டா நடுவே நிற்கிறது. 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றுநோய் பரவியபோது, தன் துறைகள் பாதுகாப்பானவை அல்ல என்று கூறி மால்டா அவர்களுக்குக் கதவடைத்தது. ஏப்ரல் 12ஆம் நாள் உயிர்த்தெழுதல் பெருநாள். அவ்வாரத்தில் ஒரு படகு நாட்கணக்கில் கடலில் மிதந்தது. அதில் வந்தவருள் பன்னிருவர் மாண்டனர். எஞ்சியோர் ஒரு மீன்பிடிக் கப்பலில் லிபியாவுக்கே திருப்பிக் கொண்டுசெல்லப்பட்டனர்.

அதன்பின் நிகழ்ந்தது நம் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. தொற்றால் உல்லாசப் பயணிகளின் வரவு நின்றுபோய், தீவைச் சுற்றிக் காட்டும் உல்லாசப் படகுகள் வேலையின்றிக் கிடந்தன. ஏப்ரல் இறுதியில் அரசு அப்படகுகளை வாடகைக்கு அமர்த்தி, கடலில் மீட்கப்பட்டவர்களை அவற்றில் ஏற்றித் தன் கடல் எல்லைக்கு வெளியே நிறுத்தி வைத்தது. வெவ்வேறு படகுகளில் சிறுகச் சிறுக அவர்கள் தொகை 425 ஆகப் பெருகிற்று. சிலர் ஐந்து வாரங்களுக்கு மேல் அங்கே கிடந்தனர். ஜூன் தொடக்கத்திலேயே அவர்கள் கரையிறங்க விடப்பட்டனர். சில மணி நேர உலாவுக்கென்று செய்யப்பட்ட இருக்கைகளே அவர்களுக்குப் படுக்கையாயின.

அரசின் தரப்பையும் கூறுதல் முறை. ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் நெருங்கி வாழும் சிறுநாடு அது. வருவோரைப் பகிர்ந்துகொள்ள ஐரோப்பாவின் பெருநாடுகள் முன்வரவில்லை என்னும் அதன் முறையீடு பொய்யன்று. தொற்றின் அச்சமும் உண்மையானதே. அவ்வாண்டில் பெரிய உல்லாசக் கப்பல்கள் சிலவற்றையே உலகின் பல துறைகள் திருப்பியனுப்பின. அதே தீவில் அரசின் செயலைக் கண்டித்து வழக்காடியோரும், வந்தவர்களுக்கு உணவும் உடையும் அளித்தோரும் பலர். 2022 ஏப்ரலில் மால்டாவுக்கு வந்த உரோமைத் திருச்சபைத் தலைவர் பிரான்சிஸ், நடபடிகள் 28:2ஐயே தம் வருகையின் மையப்பொருளாகக் கொண்டார்.

நியாயங்களை எல்லாம் எடுத்துக் கூறியபின்னும் எண்கள் இரண்டு எஞ்சி நிற்கின்றன. லூக்காவின் கணக்கில் 276 பேர். அவர்களைக் கல்வியறிவற்ற தீவு மக்கள் ஒரே மழைநாளில் கரையேற்றித் தீமூட்டிப் பேணினர். நம் காலத்தில் 425 பேர். பிப்ரவரி 10ஆம் நாளைப் பவுலின் கப்பற்சேதத் திருநாளென்று நாட்டு விடுமுறையாகக் கொண்டாடும் மக்களின் அரசு அவர்களை எல்லைக்கு வெளியே வைத்தது. திருநாளைக் காத்துக்கொண்டே அது நினைவூட்டும் செயலை இழந்துவிடக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இது மால்டா மக்களுக்கு மட்டும் நேரக்கூடிய வீழ்ச்சியுமன்று. மருத்துவமனையையும் அடிமைக் கலத்தையும் ஒரே துறையில் வைத்திருந்த வீரத்துறவியரும் தம்மைக் கிறிஸ்துவின் போர்வீரரென்றே நம்பினர்.

6. முடிவுரை

மேலே கண்ட பயணங்களைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகிறது. துறையின் பாறையும் ஆழமும் இரண்டாயிரம் ஆண்டுகளாக மாறவில்லை. தானியக் கப்பலுக்கும், அடிமைக் கலத்துக்கும், அச்சிட்ட நற்செய்திக்கும், உல்லாசப் பயணிக்கும் அது ஒரேவகையில் வசதியாயிருந்தது. வசதி தானாக நன்மையையும் விளைவிப்பதில்லை, தீமையையும் விளைவிப்பதில்லை. துறைக்குள் வருபவனை எவ்வாறு ஏற்கிறோம் என்பதே அத்துறையிலிருந்து புறப்படும் பயணத்தின் தன்மையையும் முடிவுசெய்கிறது. மெலித்தாவில் வரவேற்பு முந்தியது. உரோமையை நோக்கிய புறப்பாடு அதன்பின் வந்தது.

ஆகவே அப்போஸ்தலர் நடபடிகளின் இறுதி அதிகாரத்தை விளக்கும் ஆயர்களுக்கும், அதைப் பயிலும் மாணவர்களுக்கும் நாம் கூற விரும்புவது இதுவே. விரியன் பாம்பின் நிகழ்ச்சியோடும் நோய்நீக்கத்தோடும் அப்பகுதியின் விளக்கத்தை முடித்துவிடுதல் போதாது. இரண்டாம் வசனத்தின் தீயையும் பத்தாம் வசனத்தின் கட்டுச்சோற்றையும் சேர்த்தே போதிக்க வேண்டும். அவ்விரண்டையும் செய்தவர்கள் அந்நாளில் நற்செய்தியைக் கேட்டிராத மக்கள் என்பதையும் மறைக்கலாகாது. அவர்களிடம் கடவுளின் மனிதநேயம் பவுலுக்கு முன்னரே வந்து காத்திருந்தது.

அடிச்சுவடுகளைத் தேடிச் செல்லும் திருப்பயணிகள் வலெட்டாவில் கப்பலேறட்டும், அதில் தவறில்லை. மதிலோரம் நின்று துறைமுகத்தை நோக்கும்போது, மிதுனம் என்னும் கப்பலில் ஏற்றப்பட்ட பொருள்களையும், சங்கிலியிட்ட துடுப்புகளையும், எல்லைக்கப்பால் நிறுத்தப்பட்ட படகுகளையும் அவர்கள் ஒருசேர நினைவுகூரட்டும். இறையரசுக்கு ஏற்ற துறை எது என்னும் லூக்காவின் கேள்வி அங்கே அவர்களுக்கு விளங்கும். ஊர் திரும்பியபின், தங்கள் சபையின் வாயிலுக்கு அழையாமல் வந்து நிற்பவன் யார் என்று பார்க்கவும் அது கற்பிக்கும்.